பொக்லைன் வாங்கினவருக்கு அதோட வயரிங் படமும் சொந்தம்

பட்டணத்துல இருக்கிறவங்களுக்குப் பொக்லைன்னா கட்டிட வேலையும் ரோடு வேலையும்தான் ஞாபகம் வரும். எங்க பாலக்கோடு பக்கம் அது கிட்டத்தட்ட விவசாயக் கருவிங்க. கரட்டு நிலத்தைச் சமப்படுத்த, பாறையை ஒதுக்க, பண்ணைக்குட்டை வெட்ட, வாய்க்கால் தூர்வார எல்லாத்துக்கும் மணிக்கணக்கு வாடகைக்கு அதைத்தான் கூப்பிடுறோம். மழைக்கு முன்னாடி குட்டை வெட்டி முடியலைன்னா அந்த வருஷத்துத் தண்ணி போச்சு. அப்புறம் தக்காளிக்கு லாரித் தண்ணி வாங்கித்தான் ஊத்தணும். அதனால பொக்லைன் நின்னா, நஷ்டம் வண்டி ஓனருக்கு மட்டும் இல்லை.

பழைய வண்டி நின்னா உள்ளூர் மெக்கானிக் சத்தத்தை வச்சே சொல்லிடுவார், டீசல்ல காத்து பிடிச்சிருக்கா, பம்ப் போச்சான்னு. இப்ப வர்ற வண்டி அப்படி இல்லை. டயர் வச்ச கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் புதுப் புகை விதி வந்துச்சு. 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள டிராக்டருக்கு 2023 ஜனவரி 1 முதல். புகை குறையணும்னா டீசலை அளந்து தெளிக்கணும். அந்த அளவைக் கணக்குப் போட இஞ்சின்ல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதுக்குச் சேதி சொல்ல சென்சார்கள். புகை குறையறது நல்லதுதான், அதுல எனக்குச் சண்டை இல்லை.

இந்த சென்சார் ஒண்ணும் மாயம் இல்லைங்க. பெட்டி பெரும்பாலும் 5 வோல்ட் அனுப்பும். சூடு, அழுத்தம் இதுக்குத் தகுந்த மாதிரி அந்த வோல்ட் ஏறி இறங்கும். சாதாரணமா அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவுல இருக்கும். அதைத் தாண்டினா பெட்டிக்குச் சந்தேகம் வந்துடும். டேஷ்போர்டுல விளக்கு எரியும், இஞ்சின் பலம் குறையும், சில சமயம் வண்டியே நின்னுடும். கூடவே ஒரு கோடு நம்பர் வரும்.

இந்த நம்பர்ல பல கம்பெனிகள் பொதுவான முறையைத்தான் வச்சிருக்காங்க. அதுல எஸ்பிஎன் 110னா இஞ்சின் தண்ணிச் சூடு, 100னா ஆயில் அழுத்தம். கூட வர்ற எஃப்எம்ஐ 3னா வோல்ட் அளவுக்கு மேல, 4னா அளவுக்குக் கீழ. கவனிங்க, 'சென்சார் கெட்டுப்போச்சு'ன்னு அந்த நம்பர் சொல்லவே இல்லை. 'இந்த வழியில வோல்ட் சரியில்லை'ன்னுதான் சொல்லுது. தப்பு சென்சார்ல இருக்கலாம், வயர்ல இருக்கலாம், கனெக்டர்ல இருக்கலாம்.

ஆனா நடக்கிறது வேற. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வண்டி குட்டை வேலை பாதியில நின்னுச்சு. மூணாம் நாள் லேப்டாப்போட ஆள் வந்தார், நம்பரைப் பார்த்தார், சென்சாரை மாத்தினார், பில் போட்டார். மறுநாள் அதே விளக்கு. கடைசியில உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கனெக்டரைக் கழட்டிப் பார்த்தா, உள்ள தண்ணி இறங்கி பின் பச்சை பூத்துக் கிடக்கு. வண்டி ஓடிடுச்சு. ஆனா நின்ன நாளுக்கு யார் கூலி கொடுப்பாங்க? தவணை நிக்குமா?

வயரைச் சோதிக்கிறது பெரிய வித்தையும் இல்லை. தண்ணிச் சூடு பார்க்கிற ரெண்டு வயர் சென்சாரையே எடுத்துக்கலாம். எஃப்எம்ஐ 4 வந்தா சென்சார் கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. நம்பர் 3 ஆக மாறினா வயர் நல்லா இருக்கு, சென்சார்ல கோளாறு. மாறலைன்னா வயர் எங்கேயோ எர்த் அடிக்குது. மூணு வயர் சென்சாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதுக்கு வயரிங் படம் வேணும். பல வண்டியில ரெண்டு மூணு சென்சாருக்கு ஒரே 5 வோல்ட் வயர்தான் போகும். ஒண்ணு ஷார்ட் ஆனா எல்லாமே கெட்ட மாதிரி காட்டும். மூணு சென்சார் ஒரே நேரத்துல சாகுமா? படம் கையில இருந்தா எலி கடிச்ச இடத்தை ஒரு மல்டிமீட்டரே காட்டிக் கொடுத்துடும்.

அந்தப் படம்தான் வெளியில கிடைக்க மாட்டேங்குது. கேட்டா, "தெரியாதவன் கை வச்சா ஆபத்து"ன்னு பதில் வருது. அதுல நியாயம் இருக்கு. இந்த இஞ்சின்கள்ல டீசல் ஆயிரம் பாருக்கு மேல அழுத்தத்துல போகுது, ஓடும்போது பைப்பைத் தளர்த்தினா தோலைத் துளைச்சிடும். பெட்டிக்குள்ள இருக்கிற கணக்கையும் எல்லாரும் மாத்தக் கூடாதுதான். ஆனா வயர் எந்தப் பின்னுல இருந்து எந்தப் பின்னுக்குப் போகுதுன்னு சொல்றதுல என்ன ஆபத்து? சொல்லாம விட்டாத்தான் ஆபத்து. வழி தெரியாதவன் சென்சாரை ஏமாத்த நடுவுல எதையாவது செருகிவிட்டு வண்டியை ஓட்டுவான். புகை விதியும் போச்சு, இஞ்சினும் போச்சு.

அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023லேயே விவசாய இயந்திரத்தைப் பழுது பார்க்கிற உரிமைக்குச் சட்டம் போட்டுடுச்சு. நம்ம மத்திய அரசும் 2022ல இதுக்குக் குழு போட்டுச்சு. முதல்ல எடுத்துக்கிட்டது நாலு துறை: விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம். கட்டுமான இயந்திரம்னு அதுல தனியா பேர் இல்லை. எங்களைக் கேட்டா, ஏரியில மண் வாரற பொக்லைனும் விவசாயக் கருவிதான்.

நான் கேக்கிறது ரெண்டுதான். வண்டி விக்கும்போதே கோடு நம்பர் பட்டியலும் வயரிங் படமும் தமிழ்ல கொடுக்கணும். ஐடிஐ டீசல் மெக்கானிக் பிரிவுல படிக்கிற பிள்ளைங்க ஸ்பேனர் பிடிக்கிற அளவுக்கு மல்டிமீட்டரும் பிடிச்சுப் பழகணும். அப்படிப் பழகின பையன் ஊர்லயே கடை போட்டுப் பிழைச்சுக்குவான்.

இதைப் படிக்கிற உங்கள்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க நிறையப் பேர் இருப்பீங்க. 5 வோல்ட் கணக்கு உங்களுக்குச் சாதாரணம். பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது உங்க ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில அரை மணி நேரம் உக்காந்து, அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க. அடுத்த மழைக்கு முன்னாடி எங்கேயோ ஒரு குட்டை வேலை நிக்காம முடியும்.