ஏவியவரைக் காட்டுங்கள்

ஊரில் வெட்டுக்குத்து நடக்கும்போதெல்லாம் ரவுடிப் படங்களைத் தடை செய்யச் சொல்லிக் குரல் எழுகிறது. அந்தக் கோரிக்கையை நாம் ஏற்கவில்லை. சினிமா வருவதற்கு முன்பே தென் மாவட்டங்களில் அரிவாள் இருந்தது. நம் குறை வேறு. நண்பனுக்காகக் கத்தி எடுப்பவனை விதவிதமாகக் காட்டும் நம் படங்களில் பெரும்பாலானவை, அந்தக் கத்தியால் ஆதாயம் அடைந்தவரைக் காட்டாமலே முடிந்துவிடுகின்றன.

2008-ல் சசிகுமார் எடுத்த ‘சுப்ரமணியபுரம்’ அப்படி முடியவில்லை. 1980-ஆம் ஆண்டு மதுரை. வேலைவெட்டி இல்லாத நண்பர்கள். அவர்களுக்குப் பழக்கமான ஓர் அரசியல் குடும்பம். அந்தக் குடும்பத்துக்குக் கைநழுவிய கட்சிப் பதவிக்காக அவர்கள் கொலை செய்கிறார்கள். சிறைக்குப் போன பிறகு, ஏவிய அந்தக் குடும்பத்துக் கனகு ஜாமீனுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. மிரட்டாமல், உறவு கொண்டாடியே காரியத்தை முடித்துக்கொள்ளும் ஆள் அவர். அந்த வேடத்தில் நடித்த சமுத்திரக்கனி நம் விருதுநகர் மாவட்டத்துச் சேத்தூர்க்காரர். கனகுவைப் போல ஒருவரைத் தெருவுக்குத் தெரு நாம் பார்த்திருப்பதால்தான் அந்த நடிப்பு அப்படிச் சுட்டது. கடைசியில் நண்பனே நண்பனைக் காசுக்குக் காட்டிக்கொடுக்கிறான். 28 ஆண்டு கழித்துக் காட்டிக்கொடுத்தவன் சிறை வாசலைத் தாண்டும்போது அங்கேயும் கத்தி காத்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன படத்திலிருந்து ஊர் எடுத்துக்கொண்டது தாடியையும் பெல்பாட்டத்தையும்தான். ‘வட சென்னை’ படத்தின் அன்பு கேரம் ஆட நினைத்த பையன் என்பதும் பலருக்கு மறந்துவிட்டது. கைப்பேசியில் சுற்றுவது அரை நிமிடத் துண்டு: பின்னணி இசை, மெதுவான நடை, கையில் ஆயுதம். துண்டாடுவதற்கு வசதியாகவே காட்சி அமைக்கும் இயக்குநர்கள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர்களை ‘ஏ’ சான்றிதழ் படத்துக்கு உள்ளே விடும் திரையரங்குகளும் தப்ப முடியாது.

தெற்கே இதில் இன்னொரு விஷம் கலக்கிறது. நகரத்துப் படத்தில் ‘நம்ம பசங்க’ என்றால் தெருக்காரர்கள், சேக்காளிகள். இங்கே பல பள்ளிகளில் அது கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன் படித்த மாணவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதிக் கயிறுகளைப் பள்ளிக்குள் அனுமதிக்கக் கூடாது என்றது. அந்த அறிக்கையைக் கிடப்பில் போடுவது அடுத்த நாங்குநேரிக்கு வழிவிடுவதாகும்.

உயிரைக் கொடுக்கும் நட்பைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் கந்தக பூமிக்கு வாருங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. சுற்றுக் கிராமத்தினர் காயம்பட்டவர்களைத் தூக்க ஓடினார்கள். அடுத்த வெடிப்பு அவர்கள் மேல் விழுந்தது. அன்று மாண்ட முப்பதுக்கும் மேற்பட்டோரில் பலர் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள். உள்ளே கிடந்தவன் யார், என்ன சாதி என்று கேட்டுக்கொண்டு அவர்கள் ஓடவில்லை.

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது உயிர்களுக்கு மேல் போயின. ஆலையின் உரிமம் ஒருவர் பெயரில். அறைகளோ குத்தகையாகப் பலர் கையில். இங்கே அது புதுக் கதை அல்ல. பேன்சி ரகத்துக்கு மருந்து கலக்குகிறவருக்குத் தன் அறையின் சொந்தக்காரர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். ஆபத்து அடியில் இருப்பவனுக்கு, ஆதாயம் மேலே இருப்பவனுக்கு என்ற கணக்கு மதுரைக் கனகுவுக்கும் பொருந்துகிறது, உள்குத்தகைக்கும் பொருந்துகிறது.

ஆலை வேண்டாமென்று பஸ் ஏறி மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகும் நம் பையன்களுக்கு அங்கே முதலில் கிடைப்பது ஓர் ‘அண்ணன்’. சாப்பாடு வாங்கிக் கொடுப்பார், தங்க இடம் பார்த்துக் கொடுப்பார். நல்லவராகவும் இருக்கலாம், கனகுவாகவும் இருக்கலாம். அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் கூர்மையை ஒரு நல்ல படம் தர முடியும். பிரேசிலின் ‘சிட்டி ஆஃப் காட்’ 2002-ல் அதைச் செய்தது. குடிசைப் பகுதிப் பையன்களையே நடிக்க வைத்து, துப்பாக்கி தூக்கியவர்களுக்கு நடுவே கேமரா தூக்கிய ஒருவனின் கண்ணால் கதை சொன்னது.

விருதுநகரில் பிறந்து ‘வெயில்’ தந்த வசந்தபாலனைப் போல, இந்த மண்ணிலிருந்து போனவர்கள் இன்று கோடம்பாக்கத்தில் குறைவில்லை. அவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம்: அடுத்த கும்பல் கதையை எழுதும்போது, வெட்டியவனோடு நின்றுவிடாமல் அவனை ஏவியவரின் வீட்டு வாசல் வரைக்கும் கேமராவைக் கொண்டு போங்கள். முதலிப்பட்டியில் ஓடியவர்களின் கதையையும் யாராவது ஒருவர் எடுங்கள்.