முத்து உண்டு, குளித்தவன் எங்கே?

கொற்கை முத்தைப் பற்றிக் கேள்விப்படாத மாணவன் தமிழகத்தில் இரான். பாண்டியரின் துறைமுகம், யவனர் கொணர்ந்த பொன், பெரிபுளூஸ் என்னும் கிரேக்கப் பயண நூல் ஆகியவற்றையெல்லாம் தேர்வுக்காக அவன் மனப்பாடம் செய்கின்றான். ஆனால் அம்முத்தை எடுக்கக் கடலுக்குள் இறங்கியவன் யார் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். கல்லின் மேல் காலூன்றி, கயிற்றைப் பற்றி, மூச்சடக்கிப் பாரில் இறங்கி, கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு மேலே வந்தவனை அவன் அறியமாட்டான். நாம் பெருமையோடு மேற்கோள் காட்டும் அதே பெரிபுளூஸ், கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கூறுகின்றது. அதை மட்டும் எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. முத்தின் ஒளி வேண்டும். அதன் விலையை யார் கொடுத்தார் என்ற கணக்கு வேண்டாம்!

வேம்பாறு முதல் மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையின் மக்கள் வரலாறு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் முறையான பாடமாக வேண்டும் என்பதே என் வாதம். திரேஸ்புரத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கோவில்பட்டியிலும் எட்டயபுரத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். அவ்வாறே கரிசல் மண்ணில் பருத்தி விதைத்தவரின் வரலாற்றையும், உப்பளத்தில் கால் வெடிக்க உழைத்தவரின் வரலாற்றையும் கடற்கரைப் பிள்ளை கற்க வேண்டும். தன் கதையை மட்டும் கற்பது கல்வியாகாது.

இதற்கு எழும் எதிர்ப்பு எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. "இந்த மாவட்டங்களிலா சாதி வரலாற்றைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்கிறீர்?" என்று ஆசிரியர் பலர் அஞ்சிக் கேட்கின்றனர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் தன் வீட்டிலேயே உடன் பயிலும் மாணவர்களால் வெட்டப்பட்டதை நாடே கண்டு திகைத்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மணிக்கட்டுக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என எவ்வடிவிலும் சாதி அடையாளம் பள்ளிக்குள் நுழையலாகாது என்றும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப்பெயரை நீக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்கச் சொல்லும் காலத்தில் கதையைச் சொல்லலாமா என்பது நியாயமான கேள்வியே.

ஆயினும் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்தக் கயிற்றின் நிறத்தைப் பிள்ளைக்குக் கற்பித்தது எந்தப் பாடநூல்? எதுவும் இல்லை. திருமண வீட்டுச் சுவரொட்டியும், தெருமுனைக் கொடிக்கம்பமும், குருபூசை ஊர்வலமும், சாதிச் சங்கங்கள் அச்சிட்டு விற்கும் மலர்களுமே அவனுக்கு ஆசிரியர்கள். அம்மலர்களில் எல்லாச் சாதியும் அரச பரம்பரையாகவே இருக்கும்; அடிமைப்பட்டவர் ஒருவர்கூட இரார். தமிழகத்தில் இத்தனை மன்னர்கள் இருந்திருந்தால் குடிமக்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்! ஆக, சமூக வரலாறு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கற்பிக்கப்பட்டுத்தான் வருகின்றது. பள்ளியில் மட்டுமே அது இல்லை. மறுகேள்வி கேட்க இடமுள்ள ஒரே மன்றமான வகுப்பறை வாய்மூடி இருக்கின்றது. மறுகேள்விக்கு இடமே இல்லாத தெரு உரத்துப் பேசுகின்றது. மௌனம் சாதியை ஒழிக்குமெனின் இதற்குள் அது ஒழிந்திருக்க வேண்டுமே!

மௌனத்தின் பலன் யாதென்பதற்கு நம் அண்டையிலேயே சான்றுண்டு. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றி ஓர் இயல் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடியதை அது கூறியது. 1822இல் அவர்கள் பொது இடங்களில் தாக்கப்பட்டதும், 1859இல் அரச அறிவிப்பு வாயிலாக ஓரளவு உரிமை கிடைத்ததும் அதில் இடம்பெற்றன. அச்சமூகத்தை வெளியிலிருந்து வந்து குடியேறியவராகச் சித்தரித்த பகுதியும் அதில் இருந்தது. அதைக் கண்டு தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது; வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது எனக் கொள்வோம். பிழையிருப்பின் அறிஞரைக் கூட்டித் திருத்தலாம். மாற்றுக் கருத்தை அருகில் அச்சிடலாம். நடந்ததோ வேறு. 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், அப்பகுதியிலிருந்து தேர்வில் வினா வராது என அறிவித்தது. 2019இல் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி அவ்வியல் முழுவதும் நீக்கப்பட்டது. தம்மைக் குறித்த ஒரு கூற்று தவறு என்று மக்கள் முறையிட்டால், அவர்தம் பாட்டிமார் அடிபட்டுப் பெற்ற உரிமையின் கதையே காணாமற் போவதா? இதனை வெற்றியென எண்ணியவர்களும் உண்டு என்பது இன்னும் வருத்தத்திற்குரியது.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வழக்கு ஓய்ந்தபாடில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2010இல் ஒரு சட்டம் இயற்றி, டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகோ வழிவந்த மக்களின் வரலாற்றுப் பாடத்தை முடக்கியது. அதற்குப் பின்னால் இருந்தது இனக்காழ்ப்பே என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியா மாநிலமோ 2021இல் இனவரலாற்றுப் பாடத்தை உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கச் சட்டம் செய்துவிட்டு, நிதி ஒதுக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று தானே ஒரு பூட்டும் போட்டுக்கொண்டது. பாடத்தில் எவருடைய கதை எவ்வாறு இடம்பெறுவது என்ற பூசல் அங்கும் பெரிது. பூசலுக்கு அஞ்சி ஒதுங்கியவர்களை விட, பூசலிட்டேனும் எழுத முனைந்தவர்கள் மேல் என்பதே என் துணிபு.

இனி நம்மவரிடம் வருவோம். கத்தோலிக்கராகிய நமக்கு இவ்விடயத்தில் ஒரு கள்ளம் உண்டு. நம் வரலாறு பாடமாக வேண்டும் என்போம். ஆனால் சவேரியார் 1542இல் வந்ததும், பனிமய அன்னையின் தங்கத்தேர் உருண்டதும் மட்டும் போதும் என்போம். சவேரியார் வருமுன்பே, 1535ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பரதவர் திருமுழுக்குப் பெறத் தொடங்கிவிட்டனர். அதன் பின்னணியில் முத்து வாணிபத்தில் இசுலாமிய வணிகரோடு இருந்த பகையும், போர்த்துக்கீசியப் படகுகளின் பாதுகாப்பும் இருந்தன. இதைச் சொன்னால் விசுவாசம் குன்றிவிடுமா? உயிரும் பிழைப்பும் காக்க ஒரு மக்கட்கூட்டம் எடுத்த முடிவு, பின்னர் நானூறு ஆண்டு ஆழ வேர்விட்ட நம்பிக்கையாயிற்று என்பதில் இழிவு ஏதுமில்லை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துத் தம் சபைக்கு இழுத்தபோதும் அசையாது நின்ற மக்கள் இவர்கள். முன்னதை மறைத்துவிட்டுப் பின்னதை மட்டும் கற்பித்தால் பின்னதன் பெருமையும் விளங்காது.

பாரில் இறங்கியவர் நாம் மட்டுமல்லர் என்பதையும் பாடம் சொல்லியாக வேண்டும். கீழக்கரை இசுலாமியரும் அதே நீரில் குளித்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இருபங்கை அரசு கொண்டது. எஞ்சிய ஒரு பங்கே குளித்தவர்க்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயிற்று. குளித்தவனோ தன் பங்கைப் பெரும்பாலும் திறந்து பாராமலே கரையில் விற்றான். தான் மூச்சடக்கி எடுத்த சிப்பிக்குள் முத்திருந்ததா என்பதே அவனுக்குத் தெரியாது. இந்த ஒரு செய்தியை எட்டாம் வகுப்புப் பிள்ளை கற்றால், பொருளியல் பாடத்தில் பாதி அவனுக்குத் தானே புரிந்துவிடும்.

இன்னும் கசப்பானதும் உண்டு. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் திருமுழுக்குப் பெற்றவர்களே. அரசுப் பாடநூலில் இது வந்தால் திருச்சபைக்கு இழுக்கு என்று நம்முள் சிலர் கொதித்தெழுவர். சுவரைக் கட்டியபோது வராத இழுக்கு, அதைப் பற்றி எழுதும்போது வருமோ?

மறுபுறம், நாம் மார்தட்டிச் சொல்லாது விட்ட பெருமைகளும் உள. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல். அதனைத் தந்த அண்ட்ரிக் அடிகளார் இக்கரையில் வாழ்ந்து, தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். அந்நூலின் ஆண்டைக் கேட்டால் மாணவன் சொல்லிவிடுவான். அவ்வடிகளார் யாருடைய வாயிலிருந்து தமிழ் கற்றார்? புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் மீன் விற்றவர், சங்கு குளித்தவர், முத்துப் பிரித்தவர் பேசிய தமிழன்றோ அவர் செவியில் விழுந்தது! அவர்கள் தந்த பணமும் அச்சுப்பணிக்குத் துணைநின்றது. அச்சுக்கலையின் வரலாற்றில் பாதிரியாரின் பெயர் உண்டு. பரதவனின் பெயர் இல்லை. உவரி மண்ணில் பிறந்த ஜோ டி குருஸ் எழுதிய 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. புதினமாக ஏற்கப்பட்டதைப் பாடமாக ஏற்கத் தடையென்ன?

தடை தில்லியில் இருக்கின்றது என்று சென்னையில் உள்ளோர் சொல்ல இயலாது. 1976இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதைத் தமிழகம் இன்றளவும் எதிர்த்து வருகின்றது. 2025 ஆகஸ்ட் 8 அன்று தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையையும் அரசு வெளியிட்டது. தில்லியில் அமர்ந்து தமிழ்ப் பிள்ளைக்குப் பாடம் வகுக்கலாகாது என்ற அவ்வாதத்தை நானும் முழுமனத்தோடு ஏற்பவன். ஆனால் அவ்வாதம் சென்னையோடு நின்றுவிடுமானால் அது அதிகாரப் போட்டியே அன்றிக் கல்விக் கொள்கையாகாது. தில்லிக்குத் தமிழகம் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம்தான் சென்னைப் பாடநூல் அலுவலகத்துக்குப் புன்னைக்காயல்.

பாடத்தை எழுதுவது யார் என்பது அடுத்த கேள்வி. சாதிச் சங்கங்களிடம் ஒப்படைக்கலாகாது. ஆயர் இல்லத்திடமும் ஒப்படைக்கலாகாது. பள்ளி ஆசிரியரும் வரலாற்றுப் பேராசிரியரும் எழுதட்டும். எல்லாச் சமூகத்தாரும் படித்துப் பார்த்து மறுப்புரை தரட்டும். தக்க மறுப்பு பாடத்திலேயே இடம்பெறட்டும். பரதவர் வரலாற்றுப் பக்கத்தை மறவர் குலத்து ஆசிரியை நடத்த வேண்டும். தேவேந்திரர் குலத்து மாணவன் அதில் வினா எழுப்ப வேண்டும்.

இதில் காலம் தாழ்த்த இயலாததற்கு ஒரு காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் இந்தியக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தவை. அன்று இருபது வயது இளைஞனாய்ப் பாரில் இறங்கியவருக்கு இன்று வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எந்தப் பாரில் எத்தனை பாகம் ஆழம், எந்தக் காற்றில் நீர் கலங்கும், சம்மாட்டி கூலியை எப்படிப் பிரித்தார் என்பவற்றை அவரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று கேட்க ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வர் போதும். அவர்களை அனுப்பும் ஆணை பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வரவேண்டும். நூற்றாண்டுப் பழமையான திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் நம் பங்கு அலுவலகங்களின் அலமாரிகளில் கிடக்கின்றன. அப்பிள்ளைகள் எந்தச் சாதியினராயினும், எந்தச் சமயத்தினராயினும் அவற்றை அவர்களுக்குத் திறந்து காட்ட, பங்குத்தந்தையர் எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.