ஷிப்டு முடிந்த பிறகு தொடங்கும் தொழில்

விடிவதற்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களில் மில் வேன் வந்து நிற்கிறது. ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கூடங்களுக்கும் நம் தெருப் பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். ஷிப்டு முடிந்து திரும்பியதும் பலருக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. ஒருவர் செல்போன் பழுது பார்க்கிறார். ஒருவர் தையல் மிஷினில் உட்காருகிறார். ஒருவர் பிளக்ஸ் போர்டுக்கு டிசைன் போடுகிறார். "மில்லை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகப் பார்க்கலாமா?" என்பதுதான் அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி.

இது நமக்குப் புதிய கேள்வி அல்ல. நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்த இரட்டைமலை சீனிவாசன் 1890இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில், எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரிலேயே 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. மாத இதழாகத் தொடங்கியது வார இதழாக வளர்ந்து 1900 வரை வந்தது. அயோத்திதாசப் பண்டிதரோ சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். வேலையை விட்டு வந்தவரும் சாதித்தார், தொழிலைக் கைவிடாதவரும் சாதித்தார். ஆகவே வேலையை விடுவதுதான் வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விட்ட பிறகு முதலில் இடிப்பது நேரம். மில்லில் சங்கு ஊதினால் வேலை, ஊதினால் வீடு. சொந்தத் தொழிலில் சங்கு ஊத ஆள் இல்லை. பகலில் வீட்டில் இருப்பவரைப் பார்த்து, "சும்மாதானே இருக்கிறாய்?" என்று ரேஷன் கடைக்கு அனுப்புவார்கள். அடுத்து, மாதச் சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் போய்விடும். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பும், கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி நோட்டும் இல்லாமல் இறங்க வேண்டாம் என்பதே நம் யோசனை.

இவை எந்தச் சாதிக்காரருக்கும் வரும் சிரமங்கள். நமக்கு மட்டும் வருவது வேறு. கடைத்தெருவில் வாடகைக்கு இடம் கேட்டுப் போனால் அட்வான்ஸ் எவ்வளவு என்று பேசுவதற்கு முன், "எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். பதில் சொன்னதும், நேற்றுவரை காலியாக இருந்த கடை "பேசி முடிந்துவிட்டது" ஆகிவிடுகிறது. நாமே கேட்டுத் திரும்பிய பதில் இது. அடகு வைக்க நிலம் இல்லை, ஜாமீன் போட ஆள் இல்லை. மற்றவர் தோற்றால் அப்பாவின் கடைக்குத் திரும்புவார். நம் பிள்ளை தோற்றால் வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசுத் திட்டங்கள். 2023இல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியிலும் 6 சதவீதம் மானியம். விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்கலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் புரோக்கரை நம்பாதீர்கள்.

ஆனால் வேலை பார்த்துக்கொண்டே தொழில் செய்பவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் விருதுநகர் போய்வர முடிகிறது. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்தினால் என்ன? நகராட்சிக் கடைகளை ஏலம் விடும்போது பட்டியல் சாதியினருக்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்பதையும் அதிகாரிகள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று. நம் பையன் கடை போட்டால் "நம்ம பையன்தானே" என்று கடன் சொல்கிறோம். பஜாரில் அதே பொருளுக்கு ரொக்கம் கொடுக்கிறோம். அவனுக்கு அந்த ரொக்கத்தைக் கொடுப்போம். தெருவே கைவிட்ட கடையை எந்த மானியமும் நிறுத்தி வைக்காது.