பதினொன்னாவது சும்மாவா?



போன வாரம் சாயங்காலம் துறையூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் பதினொன்றாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி. "என்ன புள்ள, பிசிக்ஸ்ல எந்தப் பாடம் போகுது?" என்று கேட்டேன். "எங்களுக்கு என்னக்கா, பப்ளிக்தான் இல்லையே! இந்த வருசம் சும்மாதான். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த "சும்மாதான்" மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு எழுதிய கடைசி செட் நாங்கள்தான். 2025 மார்ச்சில் எழுதினோம். அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்தார்கள். நல்ல செய்திதான், நான் குறை சொல்லவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று வருசம் பொதுத்தேர்வு எழுதுவது எவ்வளவு பாரம் என்பது எழுதிய எங்களுக்குத்தான் தெரியும். தேர்வுக்கு முந்தின ராத்திரி சோறு இறங்காது. எங்கள் வகுப்பில் அழாத பெண்களே கிடையாது.

ஆனால் தோழிகளே, அந்தத் தேர்வை முதலில் ஏன் கொண்டுவந்தார்கள் என்று யோசித்தீர்களா? அதற்கான காரணம் எங்கேயோ சென்னையில் இல்லை. நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது!

ஒரு காலத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் மாநில ரேங்க் பட்டியலில் நாமக்கல் பெயர் இல்லாமல் இருக்காது. எந்தெந்த மாவட்டத்திலிருந்தோ பிள்ளைகளைக் கூட்டிவந்து இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். நம் மாவட்டத்துக்கு முட்டை, லாரி என்று இரண்டு பெயர் இருந்தது, மூன்றாவதாக மார்க்கும் சேர்ந்துகொண்டது. அப்போது பிளஸ் டூவுக்கு 1200 மார்க். காலேஜ் சேர அந்த மார்க்தான் கணக்கு. பதினொன்றாம் வகுப்புத் தேர்வைப் பள்ளிக்கூடமே நடத்திக்கொள்ளும், வெளியில் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் பல தனியார் பள்ளிகள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தன. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருசம் நடத்தின. இரண்டு வருசம் ஒரே புத்தகத்தைப் படித்தால் மார்க் வராமல் என்ன செய்யும்?

இதைத் தடுக்கத்தான் 2017-ல் அரசு உத்தரவு வந்தது. 2018 மார்ச்சில் முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தது. அதே 2017-ல்தான் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதையும் நிறுத்தினார்கள். ஆக, நாங்கள் எழுதிய அந்தத் தேர்வு பதினொன்றாம் வகுப்புக்குப் போட்ட வேலி. இப்போது வேலியை எடுத்துவிட்டார்கள். இனி பயிரை யார் பார்த்துக்கொள்வது? நாம்தான்!

"அந்தக் காலத்துல அப்படிப் படிச்சவங்க என்ன கெட்டா போயிட்டாங்க?" என்று சிலர் கேட்கலாம். என் பெரியம்மா மகளைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், அது முக்கியமும் இல்லை. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதால் பெரியப்பா வெங்காயம் விற்ற காசோடு கடனும் வாங்கி ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். 2015-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் போனாள். போன சில வாரத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். விடிவதற்கு முன்னால் எழுந்தால் ராத்திரி வரைக்கும் டெஸ்ட். கிரவுண்ட் இருந்தது, விளையாட நேரம் இல்லை. 2017-ல் 1200-க்கு 1100-க்கு மேல் வாங்கினாள். தெருவே சாக்லேட் தின்றது.

அப்புறம் இன்ஜினியரிங் சேர்ந்தாள். முதல் செமஸ்டர் கணக்கில் ஃபெயில்! பெரியப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. பிளஸ் டூ கணக்கில் அவ்வளவு மார்க் வாங்கின பிள்ளை எப்படி ஃபெயில் ஆகும்? அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "எனக்குக் கணக்கு வராம இல்ல புள்ள. பன்னெண்டாவது புத்தகத்துல எந்தக் கணக்கு எந்தப் பக்கத்துல இருக்குன்னுகூடச் சொல்லுவேன். ஆனா அது எங்கிருந்து வருதுன்னு தெரியாது." லிமிட், வகை நுண்கணிதத்தின் ஆரம்பம், திரிகோணமிதி எல்லாம் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அவள் பிரிக்கவே இல்லை. லீவில் வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து எடுத்தபோது, அட்டை போட்டு லேபிள் ஒட்டினது ஒட்டினபடி புத்தம் புதுசாக இருந்ததாம். காலேஜ் படிக்கிற பெண் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து அந்தப் புத்தகத்தைப் படித்தாள். மூன்றாவது தடவை எழுதித்தான் அரியர் க்ளியர் ஆனது.

அவள் தப்பித்தாள், பெரியப்பா பொறுமைசாலி. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படியா? உண்மையைப் பேசுவோம். நம்ம பக்கம் பையன் அரியர் வைத்தால், "பரவால்ல, அடுத்த தடவ எழுதிக்குவான்" என்பார்கள். பொம்பளப்புள்ள அரியர் வைத்தால், "படிச்சது போதும்" என்று ஜாதகத்தைத் தூக்கிவிடுவார்கள். நமக்கு இரண்டாவது வாய்ப்பு அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அதனால்தான் பெண்களாகிய நாம் அஸ்திவாரத்தில் ஏமாறவே கூடாது என்று சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நர்சிங் போக வேண்டும் என்று நம் பள்ளியில் எத்தனை பேர் ஆசைப்படுகிறோம்! செரித்தல், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம் எல்லாம் பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில்தான் வருகிறது. அதை விட்டுவிட்டுப் போனால் நர்சிங் முதல் வருசம் உடற்கூறு பாடத்தில் என்ன புரியும்? வேதியியலில் மோல் கணக்கும், கரிம வேதியியலின் அடிப்படையும் பதினொன்றில்தான். காமர்ஸ் குரூப் தோழிகளுக்கு இரட்டைப் பதிவு முறை, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு எல்லாமே பதினொன்றில்தான். பற்று எது, வரவு எது என்று தெரியாமல் பன்னிரண்டில் கூட்டாண்மைக் கணக்கு எப்படிப் போடுவது? நீட் தேர்வுக்கும் இரண்டு வருசப் பாடத்திலிருந்தும்தான் கேள்வி வருகிறது.

இன்னொரு விஷயம். கொரோனாவால் 2021-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. அப்போது மார்க் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டின் செய்முறை, உள்மதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம். "பதினொன்னாவது மார்க்க யாரு கேக்கப் போறா?" என்று இருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

நமக்கு இன்று கதவுகள் திறந்திருக்கின்றன. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். 2022-ல் அதையே உயர்கல்விக்கு மாற்றி, "புதுமைப் பெண்" என்று காலேஜ் படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம் படிப்புக்குப் பணம் கொடுக்கிறது! எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் திட்டம் காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே போய்த் தாக்குப்பிடிக்க நம்மிடம் சரக்கு வேண்டும் அல்லவா?

"பரீட்சை இல்லாட்டி யாரு புள்ள படிப்பா?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். என்னையே எடுத்துக்கொண்டால், பொதுத்தேர்வு பயம் இல்லாவிட்டால் பாதிப் பாடத்தைத் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் படித்ததில் பாதி தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோனது என்பதும் உண்மை. செய்முறை வகுப்பில் தனி ஊசலை ஆட்டி நானே நேரம் எண்ணியது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. பயமில்லாமல், அவசரமில்லாமல் இப்படிப் படிக்க ஒரு வருசம் தங்கச்சிகளுக்குக் கிடைத்திருக்கிறது. எங்களுக்குக் கிடைக்காத வருசம் அது. அதைச் "சும்மா" என்று சொல்லலாமா?

எனவே என் தாழ்மையான கருத்துகள்:

1. பதினொன்றாம் வகுப்புத் தோழிகளே, கடைசிப் பாடம் முடியும்வரை பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு ஆசைப்படாதீர்கள். "இப்பவே அத ஆரம்பிச்சிடலாம்" என்று யார் சொன்னாலும், வீட்டில் சொன்னாலும், "இது முடியட்டுங்க" என்று சொல்லுங்கள்.

2. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். செய்து பார்த்து எழுதுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை.

3. ஆசிரியப் பெருமக்களே, விளையாட்டுப் பிரிவேளையும் நூலகப் பிரிவேளையும் எங்களுக்கு என்றும் வேண்டும். வீட்டுக்குப் போனால் பாத்திரமும் தண்ணிக் குடமும் காத்திருக்கும். நாங்கள் ஓடி விளையாட இந்த மைதானத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

4. பிளஸ் டூ தோழிகளாகிய நாம் வாரத்தில் ஒரு நாள் மதியம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தங்கச்சிகளுக்குச் சொல்லித்தரலாமே! சொல்லிக்கொடுத்தால் நமக்கும் பழைய பாடம் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் நான் தயார். கணக்கில் லிமிட் பாடத்தை நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அப்பா சின்ன வெங்காயம் பட்டறை போடும்போது அடியில் காற்றுப் போகிற மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் அடுக்குவார். "மேல எவ்வளவு நல்ல காயப் போட்டாலும், அடி வேர்த்துச்சுன்னா மொத்தமும் அழுகிரும் கண்ணு" என்பார். பிளஸ் டூ மார்க் மேலே தெரிகிற காய். பதினொன்றாம் வகுப்புதான் அடி.

பஸ்ஸில் சிரித்த அந்தத் தங்கச்சி இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த தடவை "என்ன பாடம் போகுது?" என்று நான் கேட்கும்போது பாடத்தின் பெயரைச் சொன்னால் போதும். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்தே சிரிக்கலாம்.

சிந்திப்போம்! அடியிலிருந்து படிப்போம்!

இப்படிக்கு,
பிளஸ் டூ மாணவி,
எருமப்பட்டி.