பனியன் நம்ம ஊர்... மெஷின் எந்த ஊர்?

நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைக் கொஞ்சம் பாருங்கள். 'மேட் இன் இந்தியா' என்று இருந்தால், அது திருப்பூரில் தைத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடைகளில் பாதிக்கும் மேல் திருப்பூர்ப் பகுதியிலிருந்துதான் போகிறது. 2024-25 நிதியாண்டில் மட்டும் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி. அடேயப்பா!

சரி, அந்தத் துணியைப் பின்னிய மெஷின் எந்த ஊரில் செய்தது? ஜெர்மனி, ஜப்பான், தைவான், சீனா என்று பதில் வரும். பனியன் கம்பெனிக்குள் வரிசையாக இருக்கும் ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் மெஷின்களில் பெரும்பாலானவையும் ஜப்பான், சீனாவிலிருந்து வந்தவைதான். ராக்கெட்டே விடுகிற நாடு நம் நாடு. ஒரு பின்னல் மெஷினை நாமே செய்ய முடியாதா? வாருங்கள், அலசிப் பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டது. அதனால் அமெரிக்கக் கடைக்காரர்கள் பலர் ஆர்டரைக் குறைத்தார்கள். சிலர் நிறுத்தியே வைத்தார்கள். ஆர்டர் நின்றாலும், மெஷின் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை நிற்காது அல்லவா? கம்பெனி முதலாளிகள் விழி பிதுங்கினார்கள்.

அடுத்து, ரூபாயின் மதிப்பு. 2025 டிசம்பரில் ஒரு டாலரின் விலை 90 ரூபாயைத் தாண்டியது. ஒரு மெஷின் 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 75 ரூபாயாக இருந்தால் அதன் விலை 37 லட்சத்து 50 ஆயிரம். 90 ரூபாயானால் 45 லட்சம்! மெஷின் அதேதான். நாம் கொடுக்கும் பணம் மட்டும் ஏழரை லட்சம் கூடிவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஜெர்மனியின் மேயர் நிறுவனம் 1905-இல் தொடங்கியது. வட்டப் பின்னல் மெஷினில் உலகப் புகழ் பெற்ற பெயர் அது. அந்த நிறுவனமே 2025-இல் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. ஒரு பின்னல் மெஷின் பல வருடம் உழைக்கும். அதைச் செய்தவரே ஆட்டம் கண்டால், உதிரி பாகம் வேண்டும்போது யாரைக் கேட்பது? பாகம் வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். அதை ஓட்டுபவருக்கும் வேலை இருக்காது.

வட்டத்துக்குள் ஒரு கணக்கு

'செய்துவிடலாமே' என்று சொல்வது எளிது. செய்வது ஏன் கடினம்? ஒரு பெருக்கல் கணக்கு போட்டால் புரிந்துவிடும்.

பனியன் துணி பின்னும் மெஷினில் பெரிய டிரம் போன்ற உருளை ஒன்று சுற்றும். அதன் குறுக்களவு 30 அங்குலம் என்று வையுங்கள். சுற்றளவு எவ்வளவு? 30-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 94.2 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 24 ஊசி. அப்படியென்றால் மொத்தம்? ஏறக்குறைய 2,260 ஊசிகள்!

இவை பாட்டி ரவிக்கைக்கு ஹுக் தைக்கும் ஊசி போல இருக்காது. முனையில் தூண்டில் முள் போல ஒரு கொக்கி. அதை மூடித் திறக்க ஒரு குட்டி நாக்கு. நூலைப் பிடிக்கும்போது நாக்கு திறக்கும். கண்ணியை இழுக்கும்போது மூடும். இந்த நாக்கு ஊசியை 1847-இல் இங்கிலாந்தின் மேத்யூ டவுன்சென்ட் உருவாக்கினார். அதற்கும் முன்பே, 1589-இல், அதே நாட்டின் வில்லியம் லீ முதல் பின்னல் இயந்திரத்தைச் செய்துவிட்டார். ஆக, இது 400 வருடத்துக்கும் மேலாக வளர்ந்த வித்தை!

2,260 ஊசிகளும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். ஒரே ஒரு ஊசி லேசாக வளைந்தாலும் துணி முழுக்க நெடுக ஒரு கோடு விழும். அந்தத் துணியை வெளிநாட்டுக் கடைக்காரர் வாங்க மாட்டார். எனவே நல்ல எஃகு வேண்டும். அதை மயிரிழை பிசகாமல் கடைந்தெடுக்கும் கருவிகள் வேண்டும். இரவு பகலாகச் சுற்றினாலும் உருளை ஆட்டம் காணக் கூடாது.

அந்த ஊசியைச் செய்வதில் பெயர் பெற்றது 1852-இல் ஜெர்மனியில் தொடங்கிய குரோஸ்-பெக்கர்ட் நிறுவனம். அதற்குச் சண்டிகரிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. அதாவது, ஊசி நம் நாட்டிலும் தயாராகிறது, ஆனால் கம்பெனி ஜெர்மனியுடையது. 'இங்கே செய்வது' வேறு, 'நாமே கண்டறிந்து செய்வது' வேறு. இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள்.

பக்கத்து ஊர் என்ன செய்தது?

திருப்பூரிலிருந்து 50 கிலோமீட்டர் தூரத்தில் கோயம்புத்தூர் இருக்கிறது. அங்கே 1888-இல் முதல் பஞ்சு மில் வந்தது. அந்தக் காலத்து மில் மெஷின்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. பழுதானால்? பாகங்களைச் சரிசெய்து கொடுக்க உள்ளூரில் பட்டறைகள் முளைத்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டாரையே செய்துவிட்டார்கள்.

1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பத்தைப் பெற்று நூற்பு மெஷின்களைத் தயாரித்தார்கள். பிறகு வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள்.

இதில் என்ன தெரிகிறது? முதலில் ரிப்பேர் செய்தார்கள். பிறகு பாகங்களைச் செய்தார்கள். அடுத்து, தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு முழு மெஷினைச் செய்தார்கள். வாங்குவதற்கு மில்கள் பக்கத்திலேயே இருந்தன. ஒரே நாளில் நடந்த மந்திரம் அல்ல இது!

முதல் மெஷினை யார் வாங்குவது?

திருப்பூரிலும் வாங்குபவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பிறகென்ன தடை?

நீங்களே பனியன் கம்பெனி முதலாளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 45 நாளில் ஒரு லட்சம் டி-ஷர்ட் கப்பலேற வேண்டும். புதிதாக ஒருவர் வந்து, "நம்ம ஊர் மெஷின், விலை குறைவு" என்கிறார். நன்றாக ஓடினால் லாபம். பாதியில் நின்றால் ஆர்டரே போய்விடும். வாங்குவீர்களா? யோசிப்பீர்கள்தானே! ஆனால், யாருமே வாங்காவிட்டால், அவர் தன் மெஷினில் உள்ள குறையை எப்படித் தெரிந்துகொள்வார்? எப்படித் திருத்துவார்? 'நீச்சல் பழகிய பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன்' என்பது போன்ற சிக்கல் இது.

அரசாங்கத்துக்கும் இதில் தலைவலிதான். வெளிநாட்டு மெஷினுக்கு வரி போட்டால் உள்நாட்டில் மெஷின் செய்பவர் பிழைப்பார், அதை வாங்கும் கம்பெனிக்குச் செலவு ஏறும். வரியை நீக்கினால் கதை தலைகீழ். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், நாடா இல்லாமல் ஓடும் இரண்டு வகை நவீனத் தறிகளுக்கு 7.5 சதவீத இறக்குமதி வரி நீக்கப்பட்டது. பல்லடம், சோமனூர் போன்ற விசைத்தறி ஊர்களில் நவீனத் தறி வாங்க நினைப்பவருக்கு இது நல்ல சேதி. அதே தறியை இங்கே செய்ய நினைப்பவருக்கு? போட்டி கூடிவிட்டது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, பார்த்தீர்களா?

என்னதான் வழி?

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஜெர்மனிக்காரர்களும் நம்மிடம் பனியன் வாங்குகிறார்களே! ஆனால், எது இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமோ, அதையாவது செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். கோவை போல உதிரி பாகங்களில் தொடங்குவது நல்லது. அதைச் சோதித்துப் பார்க்க, 1956 முதல் கோவையில் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகள் உதவலாம்.

நஷ்ட பயத்தை ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல் பங்கு போட்டுக்கொள்ளலாம். பத்து கம்பெனிகள் சேர்ந்து உள்ளூர் மெஷின் ஒன்றை வாங்கி, அவசரமில்லாத வேலைக்கு ஓட்டிப் பார்த்தால் என்ன? திருப்பூருக்குக் கூட்டாகச் செய்வது புதிதல்ல. நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011-இல் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். தனித்தனியாகச் சமாளிக்க முடியாத பட்டறைகள் பல, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூலம்தான் மீண்டு வந்தன. சாயத் தண்ணீருக்குக் கூடியவர்கள் மெஷினுக்கும் கூடலாமே!

சரி, உங்களுக்கு ஒரு வேலை! வீட்டில் இருக்கும் ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாவற்றிலும் எந்த நாட்டில் செய்தது என்று தேடிப் பாருங்கள். ஒரு நோட்டில் இரண்டு பட்டியலாக எழுதுங்கள். ரிப்பேர் கடை அண்ணனிடம், "இதில் எந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வருகிறது?" என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பாகங்களில் ஒன்றை நாளைக்கு நீங்களே செய்யலாம், யார் கண்டது!