‘அடுத்த வருஷம்’ எண்டு ஏமாத்தாதேங்கோ

‘மணிபோல்’ படம் பார்த்த எங்கட ஆக்களுக்கு ஒக்லண்ட் அத்லெற்றிக்ஸ் என்றால் தனி மரியாதை. 2002 இல் அந்த பேஸ்போல் அணி வீரர்களின் சம்பளத்துக்குச் செலவழித்தது ஏறக்குறைய 40 மில்லியன் டொலர். நியூயோர்க் யாங்கீஸ் செலவழித்தது 125 மில்லியன். இரண்டு அணியும் வென்றது 103 போட்டிகள். காசில்லாட்டிலும் மூளை இருந்தால் காணும் என்று இதை வைச்சே எத்தனை பேர் பாடம் எடுத்துவிட்டார்கள்! சரி, அதே அணியின் பிந்திய கதையையும் கதைப்பம்.

2023 யூன் தொடக்கம். 162 போட்டிகள் கொண்ட பருவம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஒக்லண்டுக்கு 12 வெற்றி, 50 தோல்வி. இப்படியான நேரத்தில் நிர்வாகங்களுக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு: இது கட்டியெழுப்பும் காலம், அடுத்த வருஷங்களைப் பாருங்கோ.

எதைக் கட்டினார்கள்? 2021 இல் 86 போட்டிகள் வென்ற அணி அது. 2022 பருவம் தொடங்க முதலே மற் ஒல்சனை அட்லாண்டாவுக்கும், மற் சப்மனை டொரொன்டோவுக்கும், கிறிஸ் பஸிற்றை நியூயோர்க் மெற்ஸுக்கும் கொடுத்தாயிற்று. வருஷக் கடைசியில் ஷோன் மேர்பியும் அட்லாண்டாவுக்குப் போனார். 2023 இல் ஒல்சன் 54 ஹோம் ரன் அடித்தார். ஒக்லண்டுக்கில்லை, அட்லாண்டாவுக்கு.

இதுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்க லீக்கில் ஒரு இளம் வீரர் ஏறக்குறைய ஆறு பருவங்களுக்கு அணியின் பிடியில்தான். அதிலும் முதல் மூன்று பருவங்கள் பெரும்பாலும் அடிமட்டச் சம்பளம். சம்பளம் ஏறும் நேரம் பார்த்து அவரை விற்று, பதிலுக்கு இன்னும் மலிவான பெடியளை வாங்கலாம். கடைசி இடத்துக்கு வந்தாலும் ஐரோப்பிய உதைபந்தாட்டம் மாதிரிக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கவும் மாட்டார்கள். தோற்பதால் முதலாளிக்கு என்ன நட்டம்?

ஹூஸ்டன் அஸ்ட்ரோஸும் இப்படித்தானே செய்தது என்பார்கள். உண்மை. 2011 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து நூறுக்கு மேல் தோற்றது. ஆனால் பெடியள் வளர்ந்த பிறகு ஹூஸ்டன் காசை இறக்கியது. 2018 இல் ஹோசே அல்டுவேயோடு 151 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தத்தை நீடித்தது. ஒக்லண்ட் வளர்ந்தவர்களை விற்றது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதேங்கோ.

ரசிகர் வருவதில்லை என்பது அடுத்த சாட்டு. 2023 யூன் 13, அணியை விற்கச் சொல்லி ரசிகர்களே ஆள் திரட்டினார்கள். 27,759 பேர் வந்தார்கள். ‘விற்றுவிடு’ என்று எழுதிய ரீ சேர்ட்டோடு முதலாளி ஜோன் ஃபிஷருக்கு எதிராகக் கத்தினார்கள். அன்றைக்கு ரம்பா பேயை 2–1 என்று வென்று, தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி! அதே வாரம் நெவாடா மாநிலம், இந்த அணிக்கு லாஸ் வேகஸில் மைதானம் கட்ட 380 மில்லியன் டொலர் வரை பொதுப்பணம் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அணிக்குச் செலவழிக்கக் காசில்லை என்றவர்களுக்கு, இடம்மாறச் சனத்தின்ர காசு!

2023 முடிய 50 வெற்றி, 112 தோல்வி. 2024 செப்ரெம்பர் 26 ஒக்லண்டில் கடைசிப் போட்டி. 2025 இல் அணி சக்ரமென்ரோ பக்கம், ஒரு சிறிய லீக் மைதானத்தில் விளையாடியது. ஒக்லண்ட் சனத்துக்கு அந்த ‘அடுத்த வருஷம்’ வரவேயில்லை.

ஆகவே எந்த அணி ‘பொறுங்கோ’ என்றாலும் ஒரு கேள்வி கேளுங்கோ: இப்ப இருக்கிற பெடியள் வளர்ந்தால், அவங்களை வைச்சிருக்கக் காசு ஒதுக்கியிருக்கா? பதில் இல்லையெண்டால் அது திட்டமில்லை, வியாபாரம்.