பணிப் பட்டியலுக்கு ஏற்ற செயலி எது?

மும்பை மாநகரின் சர்ச்கேட் ரயில் நிலையத்தில் முற்பகல் வேளையில் சிறிது நேரம் நின்று நோக்குவோர், வெண்குல்லாய் அணிந்த டப்பாவாலாக்கள் உணவுக் கலங்களை வகைப்படுத்தி அடுக்குவதைக் காணலாம். 1890-ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கூறப்படும் இத்தொழில், 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் மிகவும் சுருங்கிவிட்டது; ஆயினும் இன்றும் நடைபெற்று வருகின்றது. மாதுங்காவிலுள்ள ஓர் இல்லத்தில் காலையில் பெறப்படும் கலம், நகரின் தென்கோடியிலுள்ள காரியாலயத்தை அடைவதற்குள் பல கைகள் மாறுகின்றது. அதனை வழிநடத்துவன மூடியின்மீது வர்ணத்தால் தீட்டப்பட்ட சில எழுத்துக்களும் எண்களுமேயாகும். எந்த நிலையத்தில் இறக்க வேண்டும், எக்கட்டடத்தில் எந்த மாடியில் சேர்க்க வேண்டும், அதற்குப் பொறுப்பாளர் எவர் என்னும் செய்திகள் யாவும் அச்சிறு குறியில் அடங்கிவிடுகின்றன.

பணிகளைப் பட்டியலிட்டுக் காக்கும் கைபேசிச் செயலிகளைப் பற்றி ஆராயும்போது இக்குறியை முதலில் நினைவிற் கொள்ளுதல் பொருத்தமாகும். எக்குழுவினர் கையிற் சேர்ந்தாலும் அதனைப் படிக்க முடிகின்றது. படிப்பதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அடுத்த செயல் யாது, அதனைச் செய்பவர் யார் என்பதில் ஐயமே எழுவதில்லை. செயலி விற்போர் எத்தனை சிறப்புக்களை அடுக்கிக் கூறினும், இம்மூன்று குணங்களும் இல்லாத செயலி களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயன்படாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பட்டியல் எங்கே தேவைப்படுகின்றது?

ஒருவர் தம் வேலையைத் தாமே செய்து முடிப்பதாயின், சட்டைப்பையிலுள்ள குறிப்பேடு போதும். நாள்தோறும் ஓரிடத்திற் கூடும் நால்வருக்குக் கரும்பலகை போதும். தனித்தனி இடங்களிற் பணி புரிவோர், வெவ்வேறு வகைக் கருவிகளைக் கையாள்வோர், ஒரே காரியத்தைப் பகிர்ந்து செய்ய நேரும்போதுதான் குறிப்பேடு தோற்கின்றது.

தாராவியின் அனுபவத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல இலட்சம் மக்கள் வாழும் அப்பகுதியில், 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் முதற் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. மாநகராட்சியின் ஜி-வடக்கு வட்டத்தைச் சேர்ந்த ஊழியர்களும், தனியார் மருத்துவர்களும், தொண்டர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உள்ளோரைத் தேடினர். தொடர்புடையோரைப் பிரித்து வைத்தனர். பொதுக் கழிப்பிடங்களைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தனர். அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் தாராவியை நற்சான்றாக எடுத்துரைத்தார். மருந்தும் தடுப்பூசியும் இல்லாத அக்காலத்தில் நடைபெற்ற இம்முயற்சி, அடிப்படையில் ஒரு பட்டியற் பணியே ஆகும். எவ்வீடு பார்க்கப்பட்டது, எவ்வீடு எஞ்சியுள்ளது, நாளை எவர் செல்வார் என்னும் மூன்று வினாக்களுக்கு நாள்தோறும் விடை தேவைப்பட்டது. ஒரு வீடு விடுபட்டால் ஒரு சந்தே நோய்வாய்ப்படும் நிலை அன்று இருந்தது.

இந்நிலை பெருந்தொற்றோடு முடிந்துவிடவில்லை. சாதாரணக் காசநோய்க்கும் ஆறு மாத சிகிச்சை வேண்டும். தாராவியில் மருந்துண்ணும் நோயாளி கோடையில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டால், அவரைத் தொடர்ந்து விசாரிக்கும் பொறுப்பு எவருடையது? மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளிற் பள்ளிகளை நடத்தி வருகின்றது. அத்தகைய பள்ளியொன்றில் ஒரு பிள்ளை பத்து நாள் வாராதிருந்தால், வீட்டிற்குச் சென்று விசாரிப்பவர் வகுப்பாசிரியரா, செம்பூரில் வசிக்கும் தொண்டரா? இருவரும் மற்றவர் சென்றிருப்பார் எனக் கருதியிருப்பின் ஒருவரும் சென்றிரார். பிள்ளை பள்ளியை விட்டே நின்றுவிடும்.

இன்று பெரும்பாலான குழுக்கள் இத்தகைய பொறுப்புக்களை வாட்ஸாப் உரையாடலிலேயே பகிர்ந்துகொள்கின்றன. உரையாடல் ஆற்றொழுக்குப் போன்றது. காலையிற் சொன்ன வேலை மாலைக்குள் வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் மறைந்துபோம். "சரி" என்று ஐவர் விடையளித்தால், வேலையை ஏற்றவர் எவர் என்பது தெரியாது. பேச்சுக்கு உரையாடலும், பொறுப்புக்குப் பட்டியலும் உரியன என்று பிரித்துக்கொள்ளுதல் நலம்.

நான்கு சோதனைகள்

பல தளங்களில் இயங்கும் செயலி என்பது, ஒரே பட்டியலை ஆண்ட்ராய்டு கைபேசியிலும், ஐபோனிலும், காரியாலயக் கணினியிலும் காணவும் திருத்தவும் வசதி தருவதாகும். நம் நாட்டிற் புழங்கும் கைபேசிகளிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஆண்ட்ராய்டு வகையின. தலைமையாசிரியரிடம் ஐபோன் இருக்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் நினைவூட்டற் செயலி அவருக்கு மிக உகந்ததாகவும் தோன்றலாம். ஆனால் ஆண்ட்ராய்டு கைபேசிக்கென அச்செயலி வெளியிடப்படவில்லை. ஆகவே குழுவிலுள்ளவற்றுள் மிகப் பழைய கைபேசியில் நிறுவிப் பார்ப்பதே முதற் சோதனை. அங்கே தடையின்றி இயங்குவது எங்கும் இயங்கும்.

இவ்விதியைப் புறக்கணித்தால் விளைவது யாது என்பதை மகாராஷ்டிரம் கண்டுள்ளது. ஊட்டச்சத்துக் கண்காணிப்புக்கென மத்திய அரசு 2021-இல் "போஷண் டிராக்கர்" செயலியை அறிமுகப்படுத்தியபோது, தமக்கு வழங்கப்பட்ட கைபேசிகளின் நினைவகம் போதாதென்றும், செயலி ஆங்கிலத்தில் உள்ளதென்றும் கூறி, அம்மாநில அங்கன்வாடி ஊழியர் பலர் கைபேசிகளைத் திருப்பியளித்துக் கிளர்ச்சி செய்தனர். பின்னர் அச்செயலி பல இந்திய மொழிகளிற் கிடைக்கலாயிற்று. ஊழியர்களின் குறையை முன்னரே கேட்டிருப்பின் காலமும் மனக்கசப்பும் மிஞ்சியிருக்கும். தமிழெழுத்துக்கள் யூனிகோட் குறிமுறையில் 1991 முதலே இடம்பெற்றுள்ளன. ஆதலின், பணியின் பெயரைத் தமிழில் எழுதவும், எழுதியதைத் தேடி எடுக்கவும் இயலாத செயலியை ஏற்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இரண்டாவது சோதனை இணைப்பைப் பற்றியது. நெருங்கிய சந்துகளிலும் கற்சுவர்க் கட்டடங்களிலும் அலைபேசிச் சமிக்ஞை குன்றுவது இயல்பு. நல்ல செயலி, இணைப்பு இல்லாதபோது செய்த திருத்தங்களைக் கைபேசியிலேயே சேமித்து வைத்து, இணைப்புக் கிட்டியதும் மைய வழங்கிக்கு அனுப்பும். இருவர் ஒரே பணியை ஒரே வேளையில் வெவ்வேறு விதமாகத் திருத்தினால் யாது நேரும்? சில செயலிகளிற் கடைசியாக வந்து சேர்ந்த திருத்தமே நிலைக்கும். முந்தையது சொல்லாமலே அழிந்துபோம். இதனை எவரும் எளிதிற் சோதிக்கலாம். இரு கைபேசிகளை எடுத்துக்கொண்டு, இரண்டிலும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஒரே பணியின் நாளை ஒன்றில் திங்கள் என்றும், மற்றொன்றிற் புதன் என்றும் மாற்றிய பின் இரண்டையும் மீண்டும் இணைக்க வேண்டும். எது நின்றது, எது மறைந்தது, அறிவிப்பு ஏதேனும் வந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனை, விளம்பரங்கள் கூறாத உண்மையைக் கூறும். பள்ளியில் மாணவர்களைக் கொண்டே இதனைச் செய்து காட்டலாம்.

மூன்றாவது, வெளியேறும் வழி. பெர்லின் நகரில் உருவாகி 2010-இல் வெளிவந்த "வுண்டர்லிஸ்ட்" பலராலும் போற்றப்பட்ட செயலியாகும். அதனை 2015-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கி, 2020 மே 6-ஆம் நாள் மூடிவிட்டது. "ஆஸ்ட்ரிட்" என்னும் செயலியை யாகூ நிறுவனம் 2013 மே மாதத்தில் வாங்கி, ஆகஸ்டு மாதத்திலேயே நிறுத்தியது. எனினும் ஆஸ்ட்ரிடின் மூல நிரல் திறந்த நிலையில் வெளியிடப்பட்டிருந்தமையால், அதிலிருந்து "டாஸ்க்ஸ்" என்னும் வேறொரு செயலி கிளைத்து இன்றும் வாழ்கின்றது. இலவசமென்னும் சொல்லும் நிலையானதன்று. 2011-இல் தோன்றி, 2017-இல் அட்லாசியன் நிறுவனத்தின் கைக்குச் சென்ற "ட்ரெல்லோ", இலவசப் பணிவெளியொன்றிற் பத்துப் பேருக்கு மேற் கூடாதென 2024-இல் வரம்பு விதித்தது. எனவே பட்டியல் முழுவதையும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடிகின்றதா என்பதை முதல் நாளே எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளல் வேண்டும். நாட்காட்டிகளையும் பணிகளையும் எழுதுதற்கு "ஐகேலெண்டர்" என்னும் பொது வடிவம் 1998 முதல் உண்டு. 2009-இல் அது திருத்தியமைக்கப்பட்டது. அவ்வடிவத்தை அறிந்த செயலியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் எளிது.

நான்காவது சோதனையே மிக முக்கியமானது. நோயாளியின் பெயரும் நோயும், பிள்ளையின் குடும்ப நிலையும் பொதுச் செயலியில் எழுதத்தக்கவை அல்ல. காசநோயாளிகளின் விவரத்திற்கு 2012 முதல் "நிக்ஷய்" என்னும் அரசாங்கப் பதிவு முறை உள்ளது. விவரம் அங்கே இருக்கட்டும். பணிப் பட்டியலில் "பதிவெண் இன்னது, வெள்ளிக்கிழமை வீட்டிற்குச் செல்க" என்றிருந்தால் போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுகளுக்குத் தனிக் காப்பு அளித்துள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, சந்துக்குள் ஒரு குடும்பத்தின் நோய்ச் செய்தி பரவினால் அக்குடும்பம் படும் துன்பத்தைக் களப்பணியாளர் நன்கறிவர்.

எதனைக் கொள்ளலாம்?

தனி மனிதருக்கு மைக்ரோசாப்ட் டு டூ, கூகிள் டாஸ்க்ஸ் போன்ற எளிய செயலிகளே அமையும். அவற்றுள் முன்னது பட்டியலைப் பிறரோடு பகிரவும் இடந்தருகின்றது. பத்துப் பேருக்கு உட்பட்ட குழுவில், வேலைகள் "செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை" எனப் படிப்படியாக நகர்வனவாயின், அட்டைகளைப் பத்தியிலிருந்து பத்திக்கு நகர்த்தும் ட்ரெல்லோ வகை ஏற்றது. தரவு தம் நிறுவனத்திற்குள்ளேயே இருக்க வேண்டுமென்போரும், கணினி வல்லுநர் ஒருவரையேனும் உடையோரும், சொந்த வழங்கியில் இயங்கும் "நெக்ஸ்ட்கிளவுட்" போன்ற திறந்த மென்பொருளை நாடலாம். பெரிய திட்டங்களுக்கு உரிய செயலிகளும் உள்ளன. தமிழ்நாட்டில் வேரூன்றிய ஸோஹோ நிறுவனமும் அத்தகையவற்றை அளித்து வருகின்றது. ஆனால் வீடு வீடாகச் செல்லும் அறுவர் குழுவிற்கு அவை மிகையே.

மற்றொரு செயலியா, இருக்கும் சுமை போதாதா என்று பலர் கேட்கக்கூடும். இக்கேள்வி நியாயமானது. ஆசிரியர் யூடைஸ் பிளஸ் முதலான பதிவுகளையும், அங்கன்வாடி ஊழியர் தம் செயலியையும் பதிவேடுகளையும் ஏற்கெனவே நிரப்பி வருகின்றனர். புதிதாக ஒரு பட்டியலைப் புகுத்துவோர், பழைய பதிவேடு ஒன்றையேனும் நீக்க வேண்டும்; நீக்க இயலாதெனின் புகுத்தாதிருத்தலே நன்று. ஒரே செய்தியை இரண்டிடத்தில் எழுதச் சொன்னால், ஓரிடத்திற் பொய் எழுதப்படும்.

மேலதிகாரிகளுக்கும் ஒரு சொல். முடிந்த பணிக்கு எதிரே இடப்படும் குறியை எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு ஊழியரைக் கண்டிக்கத் தொடங்கினால், குறிகள் பெருகும், வேலை குறையும். பூட்டிய வீட்டிற்கும் "பார்த்தாயிற்று" என்று குறி விழும். "இன்று செல்ல இயலவில்லை" என்று அச்சமின்றி எழுதக்கூடிய பட்டியலே உண்மையான பட்டியல். விடுபட்டதைக் காட்டுவதற்காகவே அது வைக்கப்படுகின்றது. ஆகவே செயலியைத் தெரிந்தெடுக்கும் உரிமையைத் தலைமைக் காரியாலயம் தானே வைத்துக்கொள்ளாது, அதனை நாள்தோறும் கையாளப்போகும் ஊழியரிடம் விடுதல் வேண்டும்.

இரண்டு செயலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு வார காலம் மெய்யான வேலையிற் கையாண்டு பார்க்கலாம். ஒவ்வொரு பணிக்கும் ஒரே பொறுப்பாளர், ஒரே நாள் என்னும் நியதியை இரண்டிலும் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். வாரத்தின் முடிவில், விடுபட்ட வீடுகள் எத்தனை, விசாரிக்கப்படாத பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், எச்செயலி தகுதியுடையது என்பது தானே விளங்கும். இரண்டிலும் தொகை குறையவில்லையாயின் குறை செயலியில் இல்லை. பொறுப்பைப் பகிர்ந்த முறையில் உள்ளது. அதனைச் சீர்செய்யக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே போதும்.